போனில் தேடிய நெஞ்சுவலி

மகளின் ஆன்லைன் வகுப்புக்காகப் போனை எடுத்த அம்பிகாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. புருஷன் உதயகுமார் அதில் தேடியவை வரிசையாகக் கிடந்தன.

'கை மரத்துப்போனால் ஹார்ட் அட்டாக் வருமா?' 'நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குவது ஏன்?' 'ஊரடங்கில் இதய டாக்டர் இருப்பாரா?' கடைசிக் கேள்வி அன்று காலையில்தான் தேடியது.

நாற்பது வயசு மனுஷன். தலைவலி என்றுகூட ஒருநாள் படுத்ததில்லை. இத்தனையையும் மனசுக்குள் வைத்துக்கொண்டா தினம் ஏரிக்கு மீன்பிடிக்கப் போய் வந்தான்?

பத்து நாளுக்கு முன்னால்தான் பக்கத்து வீட்டு மாசிலாமணியை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். கொரோனா என்றார்கள். பொண்டாட்டி பிள்ளைக்குக்கூட முகத்தைக் காட்டாமல் புதைத்துவிட்டார்கள். "செத்தாலும் ஊட்லயே சாவேன், ஆஸ்பத்திரி வாசல மிதிக்கமாட்டேன்" என்று அன்றைக்கு அம்பிகா சொன்னதைத் தோணிரேவு கிராமத்தில் கேட்காதவர்கள் இல்லை.

போனோடு ஏரிக்கரைக்கு ஓடினாள். பாதி வழியில் பயம் நெஞ்சை அடைத்தது. போனை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். நாளெல்லாம் தண்ணீருக்குள் இறால் தடவிப் பிடிக்கிற கை, இப்போதெல்லாம் இப்படித்தான் விறைத்துப்போகிறது.

உதயகுமார் வலையை உதறிக்கொண்டிருந்தான். போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாய்யா இதெல்லாம்? ஒனக்கு நெஞ்சு வலிக்குதா?" அதற்குமேல் பேச முடியாமல் மூச்சிரைத்தது.

அவன் வலையைக் கீழே போட்டான். அவள் முகத்தையே பார்த்தான்.

"ஆமா" என்றான் மெதுவாக. "ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஆனா நீ கூட வந்தாத்தான் போவேன்."

மாசிலாமணியின் முகம் ஒரு நொடி வந்து போனது. "வரேன், கெளம்பு" என்றாள்.

தெருக்கோடி ரமேஷின் ஆட்டோ கிடைத்தது. வழி நெடுக உதயகுமாரின் நெஞ்சைத் தடவிவிட்டபடியே வந்தாள். அவன் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தவன் விடவே இல்லை.

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் மறித்தார். "எங்க போறீங்க?"

"நெஞ்சு வலி சார்" என்றான் உதயகுமார். அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தடுப்பை நகர்த்தினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அம்பிகா நின்றுவிட்டாள். உள்ளே உடம்பெல்லாம் மூடிய வெள்ளை உடுப்பில் ஆட்கள் நடமாடினார்கள். மாஸ்க்கை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்தபடி நடந்தாள்.

நர்ஸ் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "எத்தனை நாளா வலி?"

"தெரியல சிஸ்டர். எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள் அம்பிகா. "எப்டியாச்சும் இவர காப்பாத்துங்க."

"சரி, உக்காருங்க சார்."

உதயகுமார் உட்காரவில்லை.

"பேஷண்ட் இவதான் சிஸ்டர். சொல்லியிருந்தா வந்திருக்கமாட்டா."