பதினோராவது திருத்தம்

புயல் கரையேற ஆறு மணி நேரமே இருந்தது. கடலோரப் புயல் காப்பகங்களின் கதவுகளைக் காக்கும் மென்பொருளில் ஓட்டை இருக்கிறதென்று, அதை எழுதிய வெளிநாட்டுக் கம்பெனி காலையில்தான் புதுப் பதிப்பை அனுப்பியிருந்தது. நம் ஊருக்கென்று அதில் செய்திருந்த பதினொரு திருத்தங்களையும் புதுப் பதிப்பிலும் ஒட்டுவது சுகந்தியின் வேலை. பத்து ஒட்டிக்கொண்டன. பதினொன்றாவது முரண்டு பிடித்தது.

‘பெயர் சொல்ல ஒன்பது நொடி கொடுக்கவும். தயவுசெய்து இதை எடுத்துவிடாதீர்கள். இருதயம்.’

குறிப்பு அவ்வளவுதான். சுகந்தி வேலைக்குச் சேருமுன்பே இருதயம் ஓய்வுபெற்றுவிட்டார். ஏன் ஒன்பது என்று அவர் எழுதிவைக்கவில்லை.

“தூக்கிடு சுகந்தி, நேரமில்ல,” என்றார் மேலாளர் ஜாபர். “மூணு செகண்டு போதும்னு கம்பெனிக்காரன் சும்மாவா வச்சிருக்கான்?”

தூக்கிவிட்டாள்.

மாலையில் சுகந்தி பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் காப்பகத்தின் கேமராவில் ஓர் இளம்பெண்ணும் அவள் அப்பாவும் தெரிந்தார்கள். அவரவர் குரலில் பெயரைச் சொன்னால்தான் கதவு அவரவரை மட்டும் உள்ளே விடும்.

“ம்... ம்... மரி...”

“நேரம் முடிந்தது,” என்றது கதவு.

கழுத்து நரம்பு புடைக்க அவள் மறுபடி முயன்றாள். கதவு மறுபடி அதையே சொன்னது. அப்பா தன் பெயரைச் சொல்லவேயில்லை. மகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக அவருக்கு மனமில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியதும் அவர் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கைகளையும் உயர்த்தி, ஒரு கட்டைவிரலை மட்டும் மடக்கிக்கொண்டு, மற்ற ஒன்பது விரல்களையும் விரித்துக் காட்டினார்.