ஏழாவது கட்டம்

"முதல் அநியாயம், ஆகஸ்டுல. மல்லசமுத்திரத்துக்குக் காலேஜ் பஸ் கிடையாதுன்னாங்க. ரெண்டாவது, செப்டம்பர்ல. அரசுப் பள்ளிப் புள்ளைகளைக் கடைசி பெஞ்சுல உட்கார வெச்சாங்க. மூணாவது, போன வாரம். கேக்கப் போன என்னைக் கேட்டுக்கு வெளியிலயே நிறுத்துனாங்க. நாலாவது..."

சங்கத் தலைவர் தீர்த்தகிரி மைக்கைப் பிடித்தால் வரிசை தப்பாது. முப்பது வருடமாகப் போராட்ட நோட்டீசுகளைப் படித்தே பேசக் கற்றவர்.

"நாலாவதுதான் கொலை! நம்ம புள்ளைக பதினோரு பேரைக் கேக்காம தமிழ் வழிப் பாதையில தள்ளிட்டாங்க. இந்தக் காலேஜில முதல் வருசம் அந்தப் பாதையில போனா, ரெண்டாம் வருசம் சிவில், மெக்கானிக்கல், அவ்வளவுதான். தமிழ் மேல எனக்கென்னய்யா கோபம்? கேக்காத பாதையில ஏன் தள்ளுனே? அதான் கேள்வி!"

காலேஜ் கேட்டுக்கு முன்னால், சங்ககிரி ரோட்டில் லாரிகளை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்த டிரைவர்களும் கைதட்டினார்கள்.

முன்வரிசையில், போர்வெல் தோண்டும் ரிக் வண்டி வேலைக்குப் போகும் சின்னண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் மகள் கோகிலவாணி. பதினோரு பேரில் ஒருத்தி, எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்தவள்.

முதலாண்டுப் பொறுப்பாளர் பேராசிரியர் குணசீலன் ஒரு ஃபைலோடு வெளியே வந்தார்.

"ஏனுங்க, சரிபார்க்காம விட்டது என் தப்புதான்னு பிரின்சிபால்கிட்ட எழுதிக் குடுத்துட்டேனுங்க. சாயந்தரத்துக்குள்ள பதினோரு பேருக்கும் பாதை மாறிடும். எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

"பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டாரு! சரி, சரிபார்க்காம விட்டது நீங்க. தமிழ்னு எழுதுன கை யாரோடது?"

"அது இப்ப எதுக்குங்க? அதான் மாத்தியாச்சே."

"ஏன், உங்க மச்சானுங்களா?"

கூட்டம் சிரித்தது. குணசீலன் சிரிக்கவில்லை.

"வேண்டாங்கய்யா. சொன்னாக் கேளுங்க."

"மூடி மறைக்கப் பார்க்கறீங்க! ரேஷன் கார்டுல இருந்து பட்டா வரைக்கும் ஊருக்கே எழுதிக் குடுக்கறவன் நான். எழுதுன ஆளோட பேரு படிவத்துக்கு அடியில இருக்கும். இத்தனை சாட்சிக முன்னால அதைப் படிக்கணும். அந்தப் பேருக்காரன் இனிமே ஒரு படிவத்தையும் தொடக்கூடாது!"

"தொடக்கூடாது!" என்று கூட்டம் திருப்பிச் சொன்னது.

குணசீலன் கோகிலவாணியைப் பார்த்துக்கொண்டே, தயங்கித் தயங்கி ஒரு தாளை உருவினார். தீர்த்தகிரி அதைப் படிக்காமலே வாங்கி அவளிடம் நீட்டினார்.

"நீங்க படிக்காதீங்க, மாத்திப் படிச்சுடுவீங்க. இந்தா சாமி, உன் படிவம்தானே? நீயே சத்தமாப் படி."

கோகிலவாணி தாளைப் பார்த்தாள். தீர்த்தகிரியைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"படி சாமி, பயப்படாதே. நான் இருக்கறேன்."

"நிரப்பியவர்..." என்று தொடங்கினாள். "கோகிலவாணி."

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"அட, தானே எழுதிட்டு ஊரைக் கூட்டிருக்குது!" என்றார் ஒரு டிரைவர். "ஒரு படிவம் எழுதத் தெரியல, இது இன்ஜினியருக்குப் படிக்குதாம்."

சின்னண்ணன் முகம் செத்துவிட்டது. "ஏஞ்சாமி, எனக்குத்தான் எழுத்துத் தெரியாது. உனக்குமா?"

அவள் தலை குனிந்து, தாளை மடித்துத் துப்பட்டாவுக்குள் வைக்கப் போனாள்.

"கொண்டா இங்கே!" தீர்த்தகிரி வெடுக்கென்று பிடுங்கினார்.

அவர் நினைத்ததுபோல் அது காலேஜுக்குள் எழுதிய தாள் அல்ல. ஜூன் மாதம் சேரும்போது கொடுத்த விண்ணப்பம். ஏழாவது கட்டத்தில் 'வழி' என்று ஒற்றைச் சொல். முதலாண்டில் எந்த வழியில் படிக்க விருப்பம் என்று கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த வழியைக் கேட்பதாக நினைத்து யாரோ 'தமிழ்' என்று எழுதியிருந்தார்கள்.

பச்சை மை.

மல்லசமுத்திரத்தில் பச்சை மைப் பேனா வைத்திருப்பவர் ஒரே ஒருவர். அது இப்போதும் அவர் சட்டைப் பையில் செருகியிருந்தது. ஜூன் மாதம் ஒரே காலையில், சங்க ஆபீசில், பதினோரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தார்.

நிமிர்ந்தார். குணசீலன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி தீர்த்தகிரியைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினாள்.

"என்னங்கண்ணா, புள்ள சரியாத்தானே படிச்சுது?" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

தீர்த்தகிரி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"நிரப்பியவர்," என்று படித்தார். "ரா. தீர்த்தகிரி."