போன் இல்லாத இடம்

தெருவில் இடுப்பளவு நின்ற தண்ணீர், வீட்டு வளவுக்குள் இறங்கியதும் எமில்ராஜின் நெஞ்சுக்கு ஏறியது.

ஷெரோன் என்று கூப்பிட்டான். மகளின் பெயர் மழை இரைச்சலில் எங்கேயோ போனது.

பின்னேரம்தான். ஆனாலும் வானம் இருண்டு, எதிரே நிற்கும் தன் வீடே அவனுக்கு மங்கலாகத் தெரிந்தது.

இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த பள்ளிக்கூட மண்டபத்தில், சோற்றுப் பார்சல் கொடுக்கும்போதுதான் பிள்ளையைக் காணவில்லை என்று தெரிந்தது. மனைவி அற்புதராணி மண்டபம் முழுக்கத் தேடினாள். கக்கூஸ் பக்கம் ஓடினாள். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள்.

மகளின் சிநேகிதி ஆரணிதான் அழுதுகொண்டு வந்து சொன்னாள். ஷெரோன் தன் போனை அவளுடைய கையில் திணித்து, இனி இது எனக்கு வேண்டாம், நான் வீட்டுக்குப் போகிறேன் என்றாளாம்.

எந்த வீட்டுக்கு? அரியாலையில் அவர்களுடைய வீடு அல்லவா தண்ணீருக்குள் கிடக்கிறது?

அப்போதுதான் மற்றதும் வெளியே வந்தது. ஷெரோனை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பாட்டுப் போட்டு விட்டிருக்கிறார்கள். வகுப்புப் பெடியள், ரியூசன் பெடியள், முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் அதைப் பகிர்ந்து, வாயில் வந்ததை எழுதியிருக்கிறார்கள். உப்பிடி அழுகிறதுக்குச் செத்துத் துலை என்று ஒருத்தன் எழுத, அதற்கும் ஒரு கூட்டம் சிரித்திருக்கிறது. மண்டபத்தில் அவள் எழும்பி நடந்தாலே நாலு போன்கள் நிமிருமாம்.

இரண்டு இரவாகப் பிள்ளை தூங்கவில்லை. அதே பாயில் பக்கத்தில் படுத்திருந்த எமில்ராஜ், புயலுக்குப் பயந்து முழித்திருக்கிறாள் என்று நினைத்துக் குறட்டை விட்டிருக்கிறான்.

காட்டவா அங்கிள் என்று ஆரணி கேட்டாள். அதைப் பார்த்து நிற்க அவனுக்கு எங்கே நேரம்? மண்டபத்தில்தான் எவனோ எடுத்திருக்கிறான். அவன் மட்டும் அகப்படட்டும், எடுத்த கையை முறித்துப் போடுகிறேன் என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தான்.

மீசை முளைக்கும் முன்னரே கடலுக்குப் போனவன். தண்ணீர் அவனுக்குப் புதிதல்ல. ஆனால் தன் முற்றத்துத் தண்ணீரில் அரை அடி அரை அடியாகத்தான் நகர்ந்தான்.

முற்றத்தின் நடுவே கிணறு. அதன் கட்டு முழங்காலளவுதான். இப்போது கட்டையும் காணோம், கிணற்றையும் காணோம். எல்லாம் ஒரே மண்நிறம்.

காலால் தடவித் தடவிக் கட்டைப் பிடித்தான். பொலித்தீன் பைக்குள் இருந்த போனின் ரோச்சை அடித்தான். வெளிச்சம் ஒரு சாண் ஆழம்கூட இறங்கவில்லை.

மாதாவே என்று சொல்லிக்கொண்டு கையை உள்ளே விட்டான்.

துணி அகப்பட்டது.

இழுத்தான். கனமாக வந்தது. கொடியில் காயப்போட்டு மறந்த அவனுடைய பழைய சாரம்.

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவனுடைய தொண்டையிலிருந்து வந்தது. சாரத்தை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குள் போனான். முன் அறையில் இல்லை. சாமி அறையில் இல்லை. குசினிக்குள் போய் வெளிச்சத்தை மேலே அடித்தான்.

பரணில், பழைய சட்டிபானைகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வெளிச்சம் பட்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள்.

“அப்பா, எடுக்காதேங்கோ.”

இது ரோச் பிள்ளை, வெறும் ரோச் என்றான். அவள் கையை எடுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டதற்கு, இங்கே ஒருத்தரிடமும் போன் இல்லை என்றாள்.

எமில்ராஜ் அழுதான். எடுத்தவனின் பெயரை மட்டும் சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பெயரைச் சொல் என்று கத்தினான்.

அவள் கீழே பார்த்தாள். குசினி மேசை மிதந்து வந்து அவனுடைய தோளில் முட்டிக்கொண்டு நின்றது.

அவனுக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. தண்ணீர் முதன்முதலில் வீட்டுக்குள் ஏறிய காலை. விரல் தடிப்பில் ஒரு தண்ணீர்ப் பாம்பு நீந்தி வர, ஷெரோன் இந்த மேசையில் ஏறி, ரைஸ் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுகக் கத்தினாள். கனடாவில் இருக்கும் அவனுடைய அக்கா, வெள்ளத்தைக் காட்டு, வெள்ளத்தைக் காட்டு என்று முதல்நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊரில் ஒன்று நடந்தால் படம் வேண்டும். இவனும் அதை வீடியோ எடுத்து அனுப்பினான். அக்கா, எங்கடை மருமகள் பாவம் என்று எழுதி, இதயம் எல்லாம் வைத்துத் தன் பேஸ்புக்கில் போட்டாள்.

அவன் அதற்கு ஒரு லைக்கும் போட்டிருந்தான்.

ரோச்சை அணைத்தான். இருட்டில் மேலே கையை நீட்டினான்.

வெகுநேரம் கழித்து அவள் அந்தக் கையைப் பிடித்தாள். மெல்ல இறங்கி, சின்ன வயதில் தொங்குவதுபோல அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உடம்பு முழுக்க விறைத்துப் போயிருந்தது.

பிறகு அவனுடைய காதுக்குள் சொன்னாள்.

“அதிலை சிரிக்கிறது நீங்கள் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அப்பா.”