ஏஞ்சலின் இருமல்

“இன்னா மேடம், பதினாலாம் நம்பர்னு மூணு வாட்டி கூப்ட்டேன். பாப்பாவ உள்ள குந்த வெச்சிட்டு நீங்க வெளிய போன் பேசிகினு இருந்தா எப்படி?”

டோக்கன் கொடுக்கும் காமு சலித்துக்கொண்டாள். காலை ஒன்பதரைக்கே சேலையூர் கிளினிக்கில் உட்கார இடமில்லை. வாசலிலிருந்து ஓடி வந்த ஜென்சி, மகள் ஏஞ்சலைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டர் அறைக்குள் கூட்டிப்போனாள்.

“கொஞ்சம் சீக்கிரம் பார்த்துடுங்க டாக்டர். பதினொன்றரைக்கு நான் சிறுசேரி ஆபீஸ்ல இருக்கணும். கஸ்டமர் கேர் வேலை. வெள்ளிக்கிழமையோட ப்ரொபேஷன் முடியுது. அதுக்குள்ள ஒரு நாள் லீவு போட்டாலும் கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்க. இன்னிக்குன்னு பார்த்து இவ இருமறா.”

வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இருமல் என்றைக்குமே நல்ல நாள் பார்த்து வந்ததில்லை. இது டாக்டர் தேவானந்தத்துக்குத் தெரியும்.

“எங்கே பாப்பா, இருமு பார்க்கலாம்.”

ஏஞ்சல் இருமினாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தொண்டையிலிருந்து நாய் குரைப்பதுபோல் வந்தது சத்தம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எத்தனை நாளா?”

“நாளா? காலையில ஏழரை மணியிலேர்ந்து. கரெக்டா ஸ்கூல் வேன் வர்ற நேரத்துக்கு.”

“வீட்டுல வேற யாருக்காவது இருமல் இருக்கா?”

“யாருக்கும் இல்ல. நாங்க ரெண்டு பேர்தான். இவங்க அப்பா தோஹாவில இருக்கார். ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்துடுங்க, போதும்.”

“என்னன்னு பார்க்காமலே எழுதச் சொன்னா எப்படிம்மா? இப்படிக் குரைக்கிற இருமல்னா மூச்சுக்குழாய் வீங்கியிருக்கலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு அந்தக் குழாயே குறுகல். கொஞ்சம் வீங்கினாலும் அடைச்சுக்கும். ஜுரம் கொதிச்சா, மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘கொர்’னு சத்தம் வந்தா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். ஆபீஸ் நேரமெல்லாம் பார்க்கக் கூடாது.”

ஜென்சி மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து டீம் லீடர் போன் செய்தார். எரிச்சலோடு கட் செய்தாள்.

“பெரியவங்களுக்கும் அது வருமா டாக்டர் அங்கிள்?” என்றாள் ஏஞ்சல்.

“வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. டாக்டர் பேசிட்டிருக்கார்ல?”

“கேட்கட்டும் விடுங்க. வரும் பாப்பா. பெரியவங்களுக்குக் குழாய் அகலம். ரெஸ்ட் எடுத்து, வெந்நீர் குடிச்சு, பேச்சைக் குறைச்சாலே பெரும்பாலும் சரியாயிடும். ஆனா பத்து நாள் தாண்டியும் விடலைன்னா, மூச்சுல சத்தம் வந்தா, வந்து காட்டியே ஆகணும்.”

ஏஞ்சல் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினாள். ஜென்சி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து. கேம்ப் ரோடு டிராஃபிக்கை நினைத்தால் அழுகை வந்தது.

டாக்டர் தெர்மாமீட்டர் வைத்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்திலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவையும் பார்த்தார்.

“ராத்திரி இருமினாளா?”

“இல்ல டாக்டர், அசந்து தூங்கினா.”

“அதான் இடிக்குது. இந்த இருமல் ராத்திரியிலதான் பாடாப் படுத்தும்.” ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “பாப்பாவுக்கு ஒண்ணுமே இல்லம்மா. நடிக்கிறா.”

ஜென்சிக்குக் கோபம் தலைக்கேறியது.

“நினைச்சேன். இன்னிக்கு மேத்ஸ் டெஸ்ட் டாக்டர், அதுக்குத்தான் இந்த டிராமா. ஏன்டி, ஒரு மணி நேரமா என்னை இங்க உட்கார வெச்சிருக்கியே, எனக்கு வேலை போச்சுன்னா உனக்குச் சந்தோஷமா? ஒத்தை ஆளா நான் எத்தனையைத்தான் பார்ப்பேன்? உனக்கு அம்மா மேல கொஞ்சமாவது அக்கறை இருக்கா?”

 ஏஞ்சலுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜென்சி அவளைப் பிடித்து எழுப்பிக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

“கொஞ்சம் இருங்கம்மா,” என்றார் டாக்டர். “வயித்து வலி, தலைவலின்னு நடிக்கிற பிள்ளைங்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனா இந்த இருமலைச் சும்மா கற்பனை பண்ணி இரும முடியாது. பக்கத்துல இருந்து நிறைய நாள் கேட்டிருந்தாத்தான் இப்படி அச்சா வரும். பாப்பா, யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க. யார்கிட்ட கத்துக்கிட்டே?”

ஏஞ்சல் மூக்கை உறிஞ்சினாள். அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மாகிட்டதான். பதினஞ்சு நாளா பாத்ரூம்ல பைப்பைத் திறந்துவிட்டுட்டு இருமறாங்க. தூங்கும்போது ‘கொர்’னு மூச்சு இழுக்குது. டாக்டர்கிட்ட போலாம்னா லீவு இல்லைங்கறாங்க. எனக்கு இருமல்னாதானே அங்கிள், அவங்க இங்க வருவாங்க?”