அப்பாவுக்கு ஒரு வாழ்த்து

சிங்கப்பூர் தோ பாயோவில், எங்கள் சீனக் குடும்பத்தின் நான்காவது மாடி வீட்டில், உயிரியல் பட்டம் முடித்த அக்கா ஸூ யின் மடிக்கணினி முன்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்திரேலிய மருத்துவக் கல்லூரியின் நேர்முகம். தேதி மாற்றிக் கேட்டால் இடம் போய்விடுமோ என்று பயம். முந்தாநாள் இறந்த அப்பாவுக்காகச் சட்டையின் இடக்கையில் துக்க அடையாளமாகக் குத்திய கறுப்புத் துணியைக் கழற்றக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அது கேமராவில் தெரியக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. "டேய், அழுத மாதிரி இருக்கா?" "பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கு. பரவாயில்ல" என்கிறேன். ஜன்னல்களை மூடியும், அப்பாவைக் கிடத்தியிருக்கும் கீழ்த்தளத்துப் பந்தலிலிருந்து தாவோ குருக்களின் தாளச் சத்தம் உள்ளே வருகிறது. திரையில் பேராசிரியர் புன்னகைக்கிறார். "என்ன, கீழே கல்யாணமா?" "இல்ல சார், அப்பாவப் பாக்க ஆளுங்க வந்திருக்காங்க." "நீங்க டாக்டராகறதுல அவருக்குச் சந்தோஷம்தானே?" மின்விசிறிக் காற்றில் கறுப்புத் துணி படபடக்கிறது. அக்கா அதை வலக்கையால் பொத்திக்கொள்கிறாள். "விண்ணப்பிக்கச் சொன்னதே அவர்தான் சார்." "அப்ப அவருக்கு எங்க வாழ்த்தச் சொல்லுங்க." திரை அணைகிறது. "வாடா, ஊதுபத்தி ஏத்துறப்ப சொல்லிடலாம்" என்கிறாள். லிஃப்ட் கீழே வரும்வரை, மறந்துவிடாமலிருக்க, அந்த வாழ்த்தை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள்.