பத்திரமான வீடு

"ஒரு பூனையக் குடுக்க இவ்ளோ விசாரணையா மேடம்?" என்று பத்மநாபன் சிரித்தார்.

அவர் வீட்டுக் கூடத்தில் பூனைக் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பர்வதம் சிரிக்கவில்லை. பிராணிகள் காப்பகத்துப் பூனையை அவள் யாரையும் நம்பி எளிதில் கொடுத்துவிடமாட்டாள்.

"யாரோ ஆபரேஷன் பண்ணி நகத்த எடுத்துட்டாங்க சார். வெளிய போனா அதால சண்டை போட முடியாது, மரம் ஏற முடியாது. ஜன்னல் எல்லாம் எப்படி?"

"ஆணி அடிச்சு வெச்சிருக்கேன்."

"வாசக்கதவு?"

"ஆபீஸ் போறப்ப வெளியிலேர்ந்து பூட்டிடுவேன். சாவி என்கிட்ட மட்டும்தான்."

பிரிட்ஜ்வாட்டர் ஊர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு வீடு கிடைக்காது என்று பர்வதத்துக்குத் தோன்றியது. கூடையைத் திறக்கப் போனவள், "பகல்ல தனியா இருக்குமே?" என்றாள்.

"எதுக்குத் தனியா? இவ உள்ளதான இருக்கா" என்று சமையலறை வாசலில் நின்ற மனைவியைக் காட்டினார். "இவளுக்குத் துணைக்குத்தான் பூனையே."

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் சுவரில் டெலிபோன் இருந்தது. அதன் டயலில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கியது.

பர்வதம் கூடையை அழுத்தி மூடிக்கொண்டு எழுந்தாள். "சாரி சார். பூனையத் தர முடியாது."

"ஏன் மேடம், வீட்டுல என்ன குறை?"

பர்வதம் வாசல் கதவை அகலத் திறந்து, பிடித்தபடியே நின்றாள்.

அவர் மனைவி செருப்புகூடப் போடாமல், பர்வதத்தைத் தாண்டிப் போய் அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள்.