இடப்பக்கத்து ஸ்பிரிங்

மெக்கானிக் காளியப்பன் வண்டியின் இடப்பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றித் தரையில் போட்டதுமே அங்கமுத்து குரலை உயர்த்திவிட்டான்.

"பாத்தியா காளியப்பா? நாஞ் சொன்னனா இல்லையா? அவன் உக்காந்த பக்கம்."

அவன் என்றால் தம்பி சடையன். பெயரைச் சொல்லக்கூட அண்ணனுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரமாக இதே பாட்டுத்தான்.

வண்டி, பழைய மோட்டார் கார். பின்பக்கத்தை அறுத்துவிட்டுப் பலகைப் பெட்டி கட்டிப் பிக்கப் ஆக்கியிருந்தார்கள். எருமப்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்குக் கடலை எண்ணெய் டின் ஏற்றுவது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பிழைப்பு. அண்ணன் ஓட்டுவான். தம்பி இடப்பக்கம் உட்கார்ந்து வருவான்.

சில மாதமாகவே வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. போன சனிக்கிழமை நாமக்கல் சந்தை முனையில் திரும்பும்போது சாய்ந்த சாய்ப்பில் நான்கு டின் உருண்டு விழுந்து உடைந்தது. எண்ணெய் தெருவில் ஓடியது.

அங்கமுத்துவுக்குக் கண்மண் தெரியவில்லை. சந்தைக் கூட்டமே நின்று பார்க்க, "நீ திங்கிற சோறுதாண்டா ஸ்பிரிங்க அமுக்குது" என்று கத்தினான்.

ரேஷன் அரிசியை ஆழாக்கு ஆழாக்காக அளந்து உலை வைக்கிற காலம் இது. இந்தக் காலத்தில் போய்க் கூடப்பிறந்தவன் தின்ற சோற்றைச் சொல்லிக்காட்டுவானா ஒரு மனுசன்? அதுவும் ஊர் பார்க்க?

சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். அதன் பிறகு வீட்டில் அவன் கை நனைக்கவில்லை. இன்றைக்குப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் கோயம்புத்தூர் மில் வேலைக்குக் கிளம்புகிறான். போனால் திரும்ப மாட்டான். அவன் ரோசம் எல்லாருக்கும் தெரியும்.

காலையில் அங்கமுத்துவின் மனைவி மயிலம்மாள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். கொழுந்தனைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவள். சோறு போட்டது அவள் கை, சொல்லிக்காட்டியது இவன் வாய். அவளுக்கு எரியாதா? ஒரு வார்த்தை கூப்பிட்டால் இருந்துவிடுவான், போய்க் கூப்பிடுங்கள் என்றாள்.

அங்கமுத்து துள்ளிக் குதித்தான். காளியப்பன் பார்த்துச் சொல்லட்டும்; ஸ்பிரிங் அவனால் போகவில்லை என்று ஆனால் நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன் என்றான். அந்த வார்த்தையை விடாமல் பிடித்துக்கொண்டு அவளும் வண்டியில் ஏறிவிட்டாள். இப்போது பட்டறை வாசலில் காலி டின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

காளியப்பன் வலப்பக்கத்து ஸ்பிரிங்கையும் கழற்றினான். இரண்டையும் தட்டைக் கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான்.

இடது, இரண்டு விரற்கடை குட்டை.

அங்கமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. "இப்ப என்ன சொல்ற?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

காளியப்பன் குந்தி உட்கார்ந்து கம்பியின் மேல் விரல் வைத்து எண்ணினான். சந்தேகம் வந்து இன்னொரு தடவை எண்ணினான்.

"ஏனுங்க, இது அமுங்கலைங்க. வலதுல ஒம்பது சுத்து. இதுல எட்டுத்தான். கம்பியும் சன்னம். இது வேற வண்டியோடதுங்க. இந்தப் பக்கம் ஷாக்கப்சர் எண்ணெய் ஒழுகுறதும் இதனாலதான். சோடி பாக்காம யாருங்க இதைப் போட்டது?"

அங்கமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை.

மணி பதினொன்றரை. பஸ் ஸ்டாண்டு அடுத்த தெருதான். எழுந்து நடந்தால் போதும்.

ஆனால் யார் முன்னால் தோற்பது? மெக்கானிக் முன்னாலா, பெண்டாட்டி முன்னாலா? அடங்கிக் கிடந்த ஆத்திரத்தை அவனே கிளப்பி விட்டுக்கொண்டான்.

"எவனுக்குத் தெரியும்? கார் வாங்குறப்பவே அப்படி இருந்திருக்கும். நீ புதுச் சோடிய மாட்டுற வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தான்.

மயிலம்மாள் எழுந்து வந்தாள். புருசனைப் பார்க்கவில்லை. காளியப்பனிடம்தான் சொன்னாள்.

"போன ஆடியில சேலத்துப் பழைய இரும்புக்கடையில இவரே பொறுக்கிட்டு வந்து மாட்டுனதுங்க சாமி. சோடியா வாங்கலாம் அண்ணான்னு எங்கொழுந்தன் தலப்பாடா அடிச்சுக்கிட்டான். காதுல போட்டாத்தானே?"

அங்கமுத்துவின் வாயிலிருந்து "ஏய்" என்பது மட்டும் வந்தது.

பட்டறையில் கிடந்த கந்தல் துணியை எடுத்து அவள் சும்மாடு சுற்றினாள். அந்தக் குட்டை ஸ்பிரிங்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கனம்தான். கழுத்து நரம்பு புடைத்தது. காளியப்பன் பிடிக்க வந்ததற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அவன் வந்தா ரெண்டு பேரும் வாரோம். வரலைன்னா ரெண்டு பேரும் போறோம்."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். எதிரே வந்தவர்கள் அவள் தலையைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டார்கள்.

அங்கமுத்து வண்டியின் கதவைப் பிடித்து இழுத்தான். வண்டி முன்பக்கம் இரண்டு ஸ்பிரிங்கும் இல்லாமல் மரக்கட்டை மேல் நின்றது. போவதென்றால் நடந்துதான் போக வேண்டும்.